கீரை காத்திருக்காது

வேரோடு பிடுங்கிக் கட்டுப் போட்ட பிறகும் கீரை மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, இலைக்குள் மிச்சமிருக்கும் சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. நிலத்தில் நின்றபோது வெயிலும் வேரும் அந்தச் சர்க்கரையையும் தண்ணீரையும் ஈடுகட்டின. இப்போது வரவே கிடையாது, செலவு மட்டும்தான். சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு இரண்டு, மூன்று மடங்காகிறது. அதனால்தான் 0 டிகிரிக்குப் பக்கத்தில் பத்து நாள் தாங்கக்கூடிய பசலைக்கீரை, அறை வெப்பத்தில் ஓரிரு நாளில் துவண்டு விழுகிறது. எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு நீர் போனாலே போதும், இலை வாடிவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேறு சாதி. நிலத்துக்கடியில் உறங்கப் பழகியவை என்பதால் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

இந்தச் சின்னத் தாவரவியலை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீணாகப் போகும் உணவை எடுத்து இல்லாதவர்களுக்குச் சேர்க்கும் வேலையில் எந்த வண்டி உதவும் என்பதை எஞ்சினைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கீரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றின் காய்கறிப் பிரிவில் தினமும் காலையில் நடப்பது இதுதான். ஊழியர் அலமாரியைப் புரட்டுகிறார். ஒரு பழம் பூஞ்சை பிடித்ததால் ஸ்ட்ராபெர்ரி டப்பா முழுவதும் ஒதுக்கப்படுகிறது. வெளியிலை பழுத்த முட்டைக்கோஸ், புள்ளி விழுந்த வாழைப்பழம், ஒரு பக்கம் அமுங்கிய குடமிளகாய், புதுச் சரக்கு வந்துவிட்டதால் இடம் இழந்த பழைய கீரைக்கட்டு என்று மூன்று, நான்கு பெட்டிகள் பின்கதவுக்குப் போகின்றன. சாப்பிட முடியாதது அதில் கொஞ்சம்தான். இன்றைக்கு 30 கிலோ, நாளைக்கு 80 கிலோ, மறுநாள் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அளவு சிறிது, இடம் பல, ஆயுள் குறைவு. என்ன வரும் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது.

இப்படிச் சிறிது சிறிதாகப் போவதைக் கூட்டினால் மலைப்பாக இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். நுகர்வோரை எட்டும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி, 60 விழுக்காடு, வீடுகளில்தான் வீணாகிறது. கடைகளின் பங்கு அதைவிடக் குறைவு. ஆனால் கடையில் வீணாவது ஒரே பின்கதவில் குவிகிறது, வீட்டில் வீணாவது கோடிக்கணக்கான குப்பைக் கூடைகளில் சிதறுகிறது. கையில் அகப்படுவது முன்னதுதான்.

இதற்கு அமெரிக்கா கண்டுபிடித்த முதல் விடை உணவு வங்கி. 1967இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரீஸ் உணவு வங்கிதான் அந்த வகையில் முதலாவது. பெயருக்கேற்ப அது வங்கியாகவே நடந்தது. உபரி வைத்திருப்பவர் கிடங்கில் போடுவார், தேவைப்படும் தொண்டு நிறுவனம் வந்து எடுத்துக்கொள்ளும். டின்னில் அடைத்த பட்டாணிக்கும் மாவு மூட்டைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1996இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், நல்லெண்ணத்தோடு உணவைக் கொடுப்பவர் மீது பின்னால் வழக்குப் பாயாதபடி பாதுகாப்புக் கொடுத்தது. கடைகளின் தயக்கமும் குறைந்தது.

ஆனால் கீரைக்குக் கிடங்கு ஒத்துவருவதில்லை. லாரி பல கடைகளைச் சுற்றி வர வேண்டும், கிடங்கில் இறக்கிப் பிரிக்க வேண்டும், குளிர் அறையில் அடுக்க வேண்டும், பிறகு இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்து கடையை விட்டு வெளியேறிய கட்டுக்கு இதற்கெல்லாம் ஆகும் ஓரிரு நாள் பெரிய தொகை. லாரி என்பதே நிறைந்து போனால்தான் கட்டுப்படியாகும் வண்டி. அது நிறைவதற்காகக் காய் காத்திருக்கிறது.

கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நகரம் போல்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். அங்கே 2011இல் தொடங்கிய ‘போல்டர் ஃபுட் ரெஸ்க்யூ’ என்ற அமைப்பு, கிடங்கு என்ற ஒன்றையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. தன்னார்வலர் ஒருவர் சைக்கிளின் பின்னால் நீளமான டிரெய்லரை மாட்டிக்கொண்டு கடையின் பின்கதவுக்குப் போகிறார். பெட்டிகளை எடை போட்டு ஏற்றுகிறார். அங்கிருந்து நேராக வருமானம் குறைந்தவர்களின் குடியிருப்புக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, குழந்தைகள் காப்பகத்துக்கோ மிதிக்கிறார். காலையில் கடை ஒதுக்கியது மதியச் சமையலுக்குள் ஒரு வீட்டு மேடைக்குப் போய்விட முடியும். வேன்களும் கார்களும் அவர்களிடம் ஓடாமல் இல்லை. ஆனாலும் உணவின் பெரும்பகுதி பெடலில்தான் போகிறது.

இத்தனை பாரத்தை மனிதக் கால் இழுக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிளும் டிரெய்லரும் 40 கிலோ, காய்கறி 80 கிலோ, ஆக மொத்தம் 190 கிலோ. சமதளத்தில், காற்று நன்றாக அடித்த டயரில், உருளும்போது எழும் எதிர்ப்பு சுமார் 13 நியூட்டன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தடுப்பது இன்னொரு 8 நியூட்டன். (போல்டரின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இது கொஞ்சம் குறையும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும் என்பதால் சந்தோஷப்பட அதிகமில்லை.) இரண்டையும் சேர்த்து அந்த வேகத்தில் ஓட்டத் தேவைப்படுவது 90 வாட் அளவு. உடல்நலமுள்ள சாதாரண ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி இது. 1973இல் எஸ்.எஸ். வில்சன் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, நடப்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஆகிறது என்று காட்டியது. சக்கரத்தின் மகிமை அப்படி.

இதே கணக்கில் நகரத்துச் சிக்னலையும் சேர்க்க வேண்டும். 190 கிலோவை 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 1,650 ஜூல் வேண்டும். பிரேக் பிடித்தால் அத்தனையும் வெப்பமாகப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் பதினைந்து முறை நின்று கிளம்பினால் உழைப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. சாலைக்கு அடியில் சுரங்கப்பாதைகள் அமைத்து, ஓடைக் கரையோரமாகச் சைக்கிள் பாதை போட்டிருக்கும் போல்டரில் இந்த முறை வேர்விட்டதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். எல்லாவற்றையும் கூட்டினால் 80 கிலோ காய்கறியை ஐந்து கிலோமீட்டர் கொண்டுசேர்க்க உடல் செலவிடுவது சுமார் 130 கிலோ கலோரி. ஏற்றி வந்த சுமையிலிருந்தே ஒரு பெரிய வாழைப்பழத்தை எடுத்துச் சாப்பிட்டால் கணக்கு தீர்ந்தது.

ஏற்றம் வந்தால் கதை மாறுகிறது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலை, பார்த்தால் பெரிதாகத் தெரியாத ஏற்றம், அந்த 190 கிலோவைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் 93 நியூட்டனைக் கூட்டுகிறது. அதே 15 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க 475 வாட் வேண்டும். பந்தய வீரர்களின் காலில்தான் அது கிடைக்கும். கியரை இறக்கி மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு வந்தாலும் 180 வாட் வேண்டும், வியர்த்துக் கொட்டும். அதற்கும் கீழே போனால் இரு சக்கர வண்டி நிலைதடுமாறத் தொடங்கும். மின்மோட்டாருக்கு வேலை வருவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியம் மின் உதவி சைக்கிளுக்கு அனுமதிக்கும் மோட்டார் 250 வாட், அதுவும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் உதவலாம். கேட்கச் சிறிதாக இருந்தாலும், மேலே சொன்ன ஏற்றத்தில் மனிதர் தர முடியாத பாக்கியை அது தந்துவிடுகிறது. 500 வாட் மணி பேட்டரி ஒன்று, பாரத்தோடு முப்பது, நாற்பது கிலோமீட்டர் தாங்கும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இந்த வேலைக்கு வர முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் இந்த பேட்டரிதான் தீர்மானிக்கிறது.

வண்டியின் வடிவத்திலும் கவனிக்க நிறைய இருக்கிறது. டென்மார்க்கில் 1920களின் கடைசியில் உருவான ‘லாங் ஜான்’ இரு சக்கர வண்டி. ஹேண்டில்பாருக்கு முன்னால், தரையிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில் சரக்குத் தட்டு, அதற்கும் முன்னால் சின்னச் சக்கரம். பாரம் தாழ்வாக இருப்பதால் திருப்பத்தில் சாதாரண சைக்கிளைப் போலச் சாய்ந்து வளைந்துவிடும். கோபன்ஹேகனில் கார்களுக்கு இடமில்லாத கிறிஸ்டியானியா குடியிருப்பில் 1984இல் பிறந்தது மூன்று சக்கர வண்டி: முன்னால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பெட்டி, பின்னால் ஓட்டுபவர். நின்றால் விழாது, கால் ஊன்ற வேண்டாம், குழந்தைகளும் மூட்டைகளும் ஏறி இறங்க வசதி. சென்னைக்காரர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மீன்பாடி வண்டியின் எலும்புக்கூடும் இதேதான், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி அதை ஓட வைத்தது மட்டும் நம் ஊர்க் கைவண்ணம்.

மூன்று சக்கரத்தின் குறை திருப்பத்தில் வெளிப்படும். அது சாயாது. சாயாத வண்டியை வளைவில் வெளிப்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும் விசை, புவியீர்ப்பு மையம் உயர உயர ஜெயிக்கிறது. முன்சக்கரங்களுக்கு இடையே அகலம் 70 சென்டிமீட்டர், மையம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் என்றால், 5 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 16 கிலோமீட்டரை நெருங்கும்போதே உள்சக்கரம் தூக்கும். தோராயக் கணக்குதான், ஆனால் பாடம் தெளிவு: உருளைக்கிழங்கு அடியில், கீரை மேலே. கீரை நசுங்காமல் இருக்கவும் இதே அடுக்குதான் சரி. டிரெய்லருக்கு வேறு குணம். வேண்டாதபோது கழற்றி வைத்துவிட்டு வீட்டுச் சைக்கிளாக ஓட்டலாம், விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. இறக்கத்தில் முன்னால் ஓடும் சைக்கிளின் இரண்டு பிரேக்குகளே மொத்தப் பாரத்தையும் நிறுத்த வேண்டும். ஈரச் சாலையில் வளைந்துகொண்டே அழுத்திப் பிடித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளிவிடும். பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால் டிரெய்லர் வாலாட்டாமல் வரும், பின்னால் வைத்தால் ஆட்டம் போடும்.

குளிர்சாதனம் இல்லாமல் உணவை எடுத்துப் போகலாமா என்பது நியாயமான கேள்வி. சமைத்த உணவு, பால், இறைச்சி என்றால் மிகுந்த கவனம் வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்பதால், அந்த வெப்பநிலையில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. ஆனால் இருபது நிமிடப் பயணத்துக்குக் கம்ப்ரசர் தேவையில்லை. 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள தெர்மோகோல் பெட்டி, மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர், வெளியே 30 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சுவர் வழியே கசியும் வெப்பம் சுமார் 35 வாட். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோ ஜூலை விழுங்கும். ஆகவே இருபது நிமிடத்துக்கு 130 கிராம் பனிக்கட்டி போதும். தூரமும் நேரமும் சுருங்கினால் குளிர்பதனச் சங்கிலி முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

சரக்கு சைக்கிளைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது புகை இல்லை என்பதை. இந்த வேலையைப் பொறுத்தவரை, இருக்கிற வாதங்களிலேயே பலவீனமானது அதுதான் என்று எனக்குப் படுகிறது. டீசல் வேன் கிலோமீட்டருக்கு 250 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்று கொள்வோம். போக வர பத்து கிலோமீட்டருக்கு இரண்டரைக் கிலோ. அது ஏற்றிவரும் 80 கிலோ காய்கறியை விளைவித்துக் கடைக்குக் கொண்டுவந்ததில், கிலோவுக்கு அரைக் கிலோ என்று குறைத்து மதிப்பிட்டாலும், 40 கிலோ ஏற்கெனவே செலவாகிவிட்டது. குப்பைமேட்டில் புதைந்து காற்றில்லாமல் அழுகினால் அது மீத்தேனாகவும் வெளியேறும். அமெரிக்கக் குப்பைமேடுகளிலிருந்து கசியும் மீத்தேனில் 58 விழுக்காடு உணவுக் கழிவிலிருந்து வருவதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் மதிப்பிட்டது. ஆக, வேனிலாவது எடுத்துப் போய்ச் சேர்ப்பது, எடுக்காமல் விடுவதைவிடப் பல மடங்கு மேல். சைக்கிள் மிச்சப்படுத்தும் அந்த இரண்டரைக் கிலோ நல்லதுதான், ஆனால் அதற்காக மட்டும் ஒருவர் பனியில் மிதிக்க வேண்டியதில்லை.

சைக்கிளின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வேன் வாங்க வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும், உரிமம் உள்ள ஓட்டுநர் வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். இத்தனை செலவு செய்த வண்டியை முப்பது கிலோ கேரட்டுக்காக யாரும் எடுக்க மாட்டார்கள். முப்பது கிலோ கேரட் குப்பைக்குப் போவது இந்தக் கணக்கால்தான். சைக்கிளுக்கு ஒரு நடை போவதற்கான செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், சிறிய சரக்குக்கும் ஒரு நடை போகலாம். வேகத்திலும் அது தோற்பதில்லை. 2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லண்டனின் ‘பெடல் மீ’ நிறுவனத்துச் சரக்கு சைக்கிள்களின் ஜிபிஎஸ் தடங்களை வேன்களோடு ஒப்பிட்டார்கள். நகர மையத்தில் வேன் மணிக்கு ஆறு பொட்டலம் கொடுத்த இடத்தில் சைக்கிள் பத்து கொடுத்தது. சாலையில் ஓடும் வேகம் மட்டும் இதற்குக் காரணமல்ல. வேன் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரத்தில் சைக்கிள் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, கொரோனா ஊரடங்கின்போது, வெளியே வர முடியாதவர்களுக்கு லாம்பெத் நகராட்சிக்காக உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்த்ததும் இதே நிறுவனம்தான்.

ஜெர்மனியில் இந்தப் பொருளாதாரம் இன்னும் ஒரு படி போனது. 2012இல் தொடங்கிய ‘ஃபுட்ஷேரிங்’ இயக்கத்தின் தன்னார்வலர்கள் கடைகளில், பேக்கரிகளில் மிஞ்சியதை எடுத்துவந்து, தெருவோரப் பொது அலமாரிகளிலும் குளிர்ப்பெட்டிகளிலும் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏன் என்று கேள்வி கிடையாது. கடை மூடும் நேரத்துப் பேக்கரியில் மிஞ்சுவது ரொட்டி. எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். ரொட்டி காய்ந்து கெட்டியாவதற்கு ஈரம் போவது மட்டும் காரணமல்ல. அடுப்பில் குழைந்த மாவுச்சத்து மறுபடி படிகமாவதால்தான் அது விறைக்கிறது. இந்த மாற்றம் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையில் அறையைவிட வேகமாக நடக்கும். ஆகவே ரொட்டிக்குக் குளிர் வண்டி அனுப்புவது காசைக் கொடுத்துக் கெடுப்பது. பெரிய பெட்டியுள்ள சைக்கிள் போதும். ஆனால் அந்த வண்டியின் விலை, ஓய்வு நேரத்தில் தொண்டு செய்யும் மாணவருக்குக் கட்டாது. 2013இல் கொலோன் நகரில் ‘காசிமிர்’ என்று பெயரிட்ட ஒரு சரக்கு சைக்கிளைப் பொதுச்சொத்தாக, யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து இலவசமாக ஓட்டிக்கொள்ள விட்டார்கள். வண்டி ஒரு கடை வாசலிலோ காபிக் கடையிலோ நிற்கும், சாவி அவர்களிடம் இருக்கும். முன்பதிவுக்கு எழுதிய மென்பொருளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பெர்லினில் 2018இல் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் இதே முறையில் ஒரு தொகுதி வண்டிகளை இறக்கியது. சனிக்கிழமை வீடு மாற்ற ஒருவர் எடுத்த வண்டி ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுமக்கிறது.

போல்டரில் இறக்கி வைத்த பிறகு நடப்பதும் முக்கியம். பெட்டிகளை அந்தக் குடியிருப்பில் வாழ்பவர்களே வாங்கி, மேசையில் பரப்பி, பங்கிடுகிறார்கள். விண்ணப்பம் நிரப்பி வரிசையில் நிற்கும் முறைக்கு அங்கே இடமில்லை. எந்தக் கட்டடத்தில் பீட்ரூட் சீந்துவாரில்லாமல் கிடக்கிறது, எங்கே கொத்தமல்லி ஐந்து நிமிடத்தில் தீர்கிறது என்பது அங்கே வசிப்பவருக்குத் தெரியும். சரக்கு சிறிதாக, அடிக்கடி வருவதால் அந்த அறிவு அடுத்த நடையிலேயே பயன்படுகிறது. மாதம் ஒருமுறை வரும் லாரிக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

முடியாதவையும் உண்டு. மொத்த வியாபாரி ஒருவர் நிராகரித்த அரை டன் தக்காளி ஒரே பலகைமேல் அடுக்கி வந்து இறங்கினால் அங்கே பெடலுக்கு வேலையில்லை. ஃபோர்க்லிஃப்டும் லாரியும் குளிர் அறையும்தான் வேண்டும், உணவு வங்கி இன்றும் அதைச் செய்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் இடையே பத்து கிலோமீட்டருக்கு மேல் போனால், நடுவில் அகலமான நெடுஞ்சாலை குறுக்கிட்டால், சைக்கிளின் கணக்கு பொய்த்துவிடும். வண்டியைவிட முதலில் பழுதாவது பெரும்பாலும் ஆள்வரிசைதான். தேர்வு வாரத்தில் மாணவர்கள் காணாமல் போவார்கள், உறைபனிக் காலையில் ஒருவருக்கு எழுந்திருக்க மனம் வராது. ஒதுக்கி வைத்த பெட்டிகளை எடுக்க இரண்டு முறை யாரும் வராவிட்டால், மூன்றாம் முறை அந்தக் கடை ஊழியர் ஒதுக்கவே மாட்டார், நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அதனால் இப்படி ஒன்றைப் புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த வண்டி வாங்கலாம் என்று விசாரிப்பதற்கு முன், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வர வேண்டியவர் வராவிட்டால் யாருக்கு ஃபோன் போடுவது என்ற பட்டியலைத்தான் முதலில் எழுத வேண்டும்.